முக்கோணக் குறியுள்ள எல்லாவற்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போடலாமா?

கேள்வி:
வணக்கம். மக்கும் குப்பையைத் தனியே பிரிப்பதில் எங்கள் வீட்டில் குழப்பமில்லை. மறுசுழற்சித் தொட்டியில்தான் சிக்கல். அடியில் முக்கோணமும் எண்ணும் பொறித்த எதையும் நான் யோசிக்காமல் அதில் போட்டுவிடுவேன். சென்ற வாரம் எங்கள் பையில் கலப்பு அதிகம் என்று சொல்லி, எடுக்க வந்தவர்கள் அதை அப்படியே விட்டுச் சென்றார்கள். அதில் கழுவாத பிளாஸ்டிக் டப்பாக்கள், எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டி, ரசீதுகள், உடைந்த கண்ணாடிப் பாத்திரம் ஆகியவை இருந்தன. எல்லாம் பிளாஸ்டிக்கும் காகிதமும் கண்ணாடியும்தானே, தவறு எங்கே? பாட்டில் மூடியைக் கழற்ற வேண்டுமா என்பதையும் தெரிவித்தால் நன்றி.

பதில் 1:
அந்த முக்கோணத்தை நம்பிப் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினரின் சங்கம் கொண்டுவந்த அந்த எண், பொருள் எவ்வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அது மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அன்று. சுழலும் அம்புகள் மக்களைக் குழப்பியதால் 2013இல் தரவிதியைத் திருத்தி வெறும் முக்கோணமாக்கினார்கள் என்றாலும், பழைய குறி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

1, 2 என்ற எண்களுள்ள பாட்டில்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். 5 இடத்துக்கு இடம் மாறும். 3, 6, 7 ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதில் 3, அதாவது பி.வி.சி., கொஞ்சம் கலந்தாலே கெடுதல்தான். 1ஆம் எண்ணுக்குரிய, தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கை உருக்க ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிட, பெட்டின் தரம் குலைந்து நிறமும் மங்கிவிடுகிறது. கறுப்பு டப்பாக்களின் சிக்கல் வேறு: அவற்றிலுள்ள கரித்தூள் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், வகை பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கு அவை தெரிவதே இல்லை.

மூடியைக் கழற்ற வேண்டாம். பாட்டிலைக் காலி செய்து, நசுக்கி, மூடியை மீண்டும் திருகிப் போடுங்கள். ஆலையில் துண்டாக்கித் தண்ணீரில் இடும்போது பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும். தனியாகப் போட்ட மூடியோ சல்லடையில் விழுந்து வீணாகும்.

பதில் 2:
மூடி விஷயத்தில் ஒரு திருத்தம். தரம் பிரிப்பதைக் கையாலேயே செய்யும் இடங்களில் மூடியைத் தனியாகக் கேட்பதுண்டு. ஆகவே, எடுப்பவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் அட்டைப்பெட்டிக்கு வருகிறேன். காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் மீண்டும் தாளாக்குகிறார்கள்; எண்ணெய் தண்ணீரோடு சேராமல் இழைகளில் ஒட்டிக்கொள்வதால், புதிய தாளில் கறையாகவும் பலவீனமான இடமாகவும் நின்றுவிடும். எண்ணெய் படாத மேல்பகுதியைக் கிழித்துக் காகிதத்தோடு சேர்க்கலாம். ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகும் தாள்கள்; அவற்றின் பூச்சில் பெரும்பாலும் உடலுக்குக் கேடு என்று கருதப்படும் பிஸ்பினால் வகை வேதிப்பொருள்கள் இருக்கும், ஆகவே அவை காகிதக் கட்டோடு சேரக் கூடாது.

கண்ணாடியில்தான் பலர் தவறுகிறார்கள். அடுப்பு வெப்பம் தாங்கும் பாத்திரங்கள் பெரும்பாலும் போரோசிலிகேட் கண்ணாடி. பாட்டில் கண்ணாடி உருகும் வெப்பத்தில் அது சரியாக உருகாது. பீங்கானும் அப்படியே. உருகாத துணுக்கு புதிய பாட்டிலின் சுவரில் கல்லைப் போல் தங்கி, அந்த இடத்தில் விரிசலுக்கு வழிவகுக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியையும் மின்விளக்கையும் பாட்டில்களோடு சேர்க்காதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. டப்பாக்களை எவ்வளவு சுத்தமாகக் கழுவ வேண்டும்? அதற்குச் செலவாகும் தண்ணீரை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1:
பளபளப்பாக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஒருமுறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். ஈரம் காகிதத்தில் ஏறாமல் இருப்பதுதான் முக்கியம். அலுமினிய டப்பாவை எக்காரணம் கொண்டும் குப்பையில் எறியாதீர்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட அதை உருக்குவதற்கு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்த ஆற்றலே போதும்.

பதில் 3:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. பழைய கைப்பேசி பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போட வேண்டாம். குப்பை வண்டி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். மற்றவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடச் சொன்னால் ஒழிய, தளர்வாகவே போடுங்கள். இயந்திரத்தின் சுழலும் தண்டுகளில் பைகள் சுற்றிக்கொண்டால், வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.