ஜிஎல்பிஐ ஏஜென்ட் சர்வருடன் இணையவில்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆபீஸில் பிரிண்டர் ஓடவில்லை, நெட் வரவில்லை என்று வரும் புகார்கள் எல்லாம் இதுவரை போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். யார் எதைச் சொன்னார்கள், எது முடிந்தது என்று ஒரு கணக்கும் இல்லை. அதனால் உபுண்டு சர்வரில் ஜிஎல்பிஐ 10 (புகார்களையும் கம்ப்யூட்டர் விவரங்களையும் பதிவு செய்யும் மென்பொருள்) போட்டிருக்கிறோம். டிக்கெட் (புகார்) பதிவு பிரமாதமாக ஓடுகிறது.

சிக்கல் ஏஜென்டில், அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருந்து அதன் விவரங்களைச் சர்வருக்கு அனுப்பும் சிறிய புரோகிராமில். சுமார் 40 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் எம்எஸ்ஐ ஃபைல் வைத்து நிறுவி, சர்வர் முகவரியும் கொடுத்தாயிற்று. சர்வீஸ் ஓடுகிறது. அந்தந்த கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்ட் 62354 போர்ட்டைத் திறந்தால் ஏஜென்டின் பக்கமும் வருகிறது. ஆனால் இன்வென்டரியை (அந்தக் கம்ப்யூட்டரின் விவரப் பட்டியலை) அனுப்பச் சொன்னால் லாகில் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) பிழை. ஜிஎல்பிஐயில் இன்வென்டரியை இயக்கும் டிக் போட்டாயிற்று, அதைக் கேட்க வேண்டாம்!

சர்வருக்கு நாங்களே உருவாக்கிய எஸ்எஸ்எல் சான்றிதழ்தான் காரணம் என்று நினைக்கிறேன். சான்றிதழ் சோதனையை நிறுத்தும் ஆப்ஷனைப் போட்டால் உடனே இணைகிறது. அதை அப்படியே விட மனம் வரவில்லை. டொமைன் (எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, எல்லாம் வொர்க்குரூப். ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்காராமல் சான்றிதழை ஏஜென்டுக்குக் காட்ட வழி உண்டா? எம்எஸ்ஐ நிறுவும்போதே கொடுத்துவிடலாமா?

அப்புறம், டிஸ்க் குளோன் செய்த கம்ப்யூட்டர்கள் சில ஒரே ஏஜென்டாகத் தெரிகின்றன. ஏஜென்ட் ஐடியும் சேர்ந்து நகலாகியிருக்க வேண்டும். அதை அழித்துப் புதிதாக உருவாக்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லாக் வேண்டுமென்றால் போடுகிறேன்.