புதுப்பிப்பு: பெங்களூரில் இரண்டு நாள் சாப்பிட்ட கதை

"இரண்டு நாள் பெங்களூர் போகிறேன், எங்கே சாப்பிடலாம்?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னீர்கள். போய்விட்டு வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை இறங்கியதுமே காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வெள்ளி விடுமுறையாம், ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்! சரி என்று சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு நடந்தேன். அங்கே சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, தேங்காய்ச் சட்னி, அதுவும் நின்றுகொண்டே. இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டே வளர்ந்தவன் நான். முதலில் முகம் சுளித்தேன், அப்புறம் சட்னிக்கே மூன்று தடவை போய் நின்றேன்.

மறுநாள் வித்யார்த்தி பவனை விடவில்லை. 1943-இல் தொடங்கிய கடை. பரிமாறுபவர் ஒரே கையில் தோசைத் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே போகலாம். தோசை தடிமன், வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. நம்மூர்ப் பேப்பர் ரோஸ்ட்டை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மதியத்துக்குப் பிறகு லால்பாக் பக்கம் எம்.டி.ஆர். இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பாடானபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தது இவர்கள்தான் என்பார்கள். ரவா இட்லியோடு உருளைக்கிழங்கு சாகுவும் (நம்மூர்க் குருமா மாதிரி) நெய்யும் வந்தன. எனக்கு இந்தப் பயணத்தில் முதலிடம் இதற்குத்தான்.

மல்லேஸ்வரம் சி.டி.ஆரின் வெண்ணெய் தோசைக்கு நேரமில்லை. ரயிலுக்கு முன் அவசரத்தில் எங்கேயோ வாங்கிய பிசிபேளாபாத் ஆறிக் கல்லாகியிருந்தது; பாதியோடு மூடி வைத்துவிட்டேன்.