வயர் ரோப் ஸ்லீவ் கைவிட்ட கதை உங்களிடமும் இருக்கிறதா?

தொங்கும்பலகை:

பெரிய வேலை ஒன்றுமில்லை. கண்காட்சி அரங்கின் கூரைக் குழாயிலிருந்து 28 கிலோ அறிவிப்புப் பலகை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். இரண்டு பக்கமும் 3 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வயர் ரோப், மேலும் கீழும் வளையம், ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் அலுமினிய ஸ்லீவ், அதாவது கயிற்றையும் மடக்கிய வால் முனையையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் குழல். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் பலகை ஒரு பக்கம் சரிந்து, மூலை தரையில் ஊன்றி நிற்கிறது. ராத்திரியில் விழுந்ததால் யார் தலையிலும் விழவில்லை.

கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். ஒரு கம்பிகூட அறவில்லை. மேல் வளையம் பிரிந்து, வால் முனை ஸ்லீவிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது. ஸ்லீவ் மட்டும் கயிற்றில் கோத்தபடியே இருந்தது. விரலால் தள்ளினால் பாசிமணி மாதிரி நகர்கிறது.

அன்று மத்தியானம் அந்த ஸ்லீவை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பிளந்தேன். உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் கயிற்றின் புரி பதிந்த சாய்கோடுகள். எதிர்ப்பக்கம் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கு இருந்த பளபளப்பு அப்படியே. கயிறு அந்தப் பக்கத்தைச் சரியாகத் தொடவே இல்லை. காரணமும் எனக்குத் தெரியும். 3 மி.மீ. ஸ்லீவ் தீர்ந்துபோனதால் 4 மி.மீ. போட்டேன். அழுத்தியது மின்கம்பி முனையில் மாட்டும் லக்கை அழுத்தும் கிரிம்பரால். அழுத்தி முடித்து இரண்டு கையாலும் இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. அதை நம்பித்தான் ஏற்றினேன்.

3 மி.மீ. கயிறு அறுவதற்கு ஏறத்தாழ 500 கிலோ இழுப்பு வேண்டும். என் கட்டு 14 கிலோவுக்கே விட்டுவிட்டது. வெட்கத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.


மேடைக்கயிறு:

அண்ணே, லக் கிரிம்பர் ஒரு இடத்தில் குழி விழ வைக்கும், அவ்வளவுதான். ஸ்லீவுக்கு அது போதாது. டை, அதாவது கருவியின் அழுத்தும் அச்சு, சுற்றிலும் சேர்த்து அமுக்கி, உலோகம் ஓடிப்போய்ப் புரிகளுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் உட்கார வேண்டும். பிடிமானம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. 4 மி.மீ. ஸ்லீவுக்குள் 3 மி.மீ. கயிறு போனால் பள்ளத்தை நிரப்பும் முன்பே டை மூடிவிடும். கையால் இழுத்துப் பார்ப்பதெல்லாம் நம் மனசுக்கு ஆறுதல்.

நான் நாடக மேடைகளில் காட்சித்திரை, விளக்கு எல்லாம் கட்டுகிறவன். எங்களிடம் 1/8 அங்குல ஜி.ஐ. கயிறுதான் அதிகம். செம்பு ஸ்லீவ், மூன்று அழுத்து: முதலில் நடு, அடுத்தது திம்பிள் (வளையத்தின் உள்ளே வைக்கும் உலோகத் தாங்கு) பக்கம், கடைசியாக வால் பக்கம். எத்தனை அழுத்து, எந்த வரிசை என்பது கருவிக்கும் ஸ்லீவுக்கும் தக்கபடி மாறும். கூடவே வரும் தாளில் எழுதியிருப்பார்கள், தாளைத் தூக்கிப் போடாதீர்கள். வால் முனையைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்துத்தான் அழுத்த வேண்டும். ஸ்லீவ் அமுங்கும்போது நீளும். முதலிலேயே விளிம்புக்குச் சரியாக வைத்தால் வால் உள்ளே மறைந்துவிடும், பிறகு அது எதுவரைக்கும் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

என் கதை. ஒருநாள் காலையிலிருந்து 40 வளையம் போட்டோம். கருவியோடு வரும் கேஜ், அந்தப் பள்ளம் வெட்டிய தகடு, என் பையில்தான் கிடந்தது. அழுத்திய ஸ்லீவ் அந்தப் பள்ளத்தில் நுழைந்தால்தான் அழுத்தம் சரி. முதல் இரண்டு வளையத்தை அளந்தேன், சுலபமாக நுழைந்தது. அதற்குப் பிறகு வேலை வேகத்தில் மறந்தே போனேன். சாயங்காலம் சும்மா ஒன்றை எடுத்து வைத்தால் நுழையவில்லை. கருவியின் சரிசெய்யும் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, டை முழுசாக மூடாமலே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப அளந்ததில் 11 தேறவில்லை. நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், கண்ணுக்கு ஒரே மாதிரிதான். பதினொன்றையும் வெட்டி எறிந்து புதிதாகக் கட்டும்போது மணி பத்து. இப்போது கேஜ் கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. பையன்கள் தாலி என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.


உப்புக்காற்று:

எனக்கு ஸ்லீவ் சரியான அளவு, கருவியும் சரி, கேஜும் நுழைந்தது. ஆனாலும் போச்சு.

படகின் ஓரக் கைப்பிடிக் கம்பி, ஸ்டெயின்லெஸ் 7×19 கயிறு (ஏழு புரி, புரிக்கு 19 கம்பி). கையில் இருந்தது அலுமினிய ஸ்லீவ். போட்டேன். சில மாதத்தில் ஸ்லீவின் வாயில் வெள்ளையாகப் பொடி. உப்புப் படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அடுத்த முறை அது கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன், பொருபொருவென்று ஓர் ஓரம் உதிர்ந்து கையோடு வந்தது. கடல்நீர் நடுவில் இருக்கும்போது ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான், அரிக்கப்படுவது அலுமினியம். கயிறு புத்தம்புதுசாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

இப்போது ஸ்டெயின்லெஸ் கயிறு என்றால் செம்பு ஸ்லீவ். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் 1×19, அதாவது 19 கம்பியும் ஒரே புரி, அது விறைப்பான ஜாதி. சின்ன வளையமாக மடக்க வராது, மடக்கினால் கம்பி கோணிக்கொள்ளும். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டட் முனைதான், ஒரு பக்கம் கயிறு நுழையும் குழல், மறுபக்கம் மரை, அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில் அழுத்தியது. அந்தக் குழல்களையும் வருடத்துக்கு ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். முக்கியமாகக் கீழ் முனைகளை, மழைநீர் கயிறு வழியே இறங்கி அங்கேதான் தேங்கும். குழலில் மயிரிழை போல நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தால் அந்த முனைக்கு ஆயுள் முடிந்தது. அழகுக்காக அதன்மேல் டேப் சுற்றி வைக்கும் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஈரமும் உள்ளேயே நிற்கும், விரிசலும் தெரியாது.


புதுக்கை:

ஜி.ஐ. கயிற்றுக்கு அலுமினியம், ஸ்டெயின்லெஸ்ஸுக்குச் செம்பு. சரி. ஆனால் மேடைக்கயிறு அண்ணன் ஜி.ஐ. கயிற்றில் செம்பு போடுவதாகச் சொல்கிறாரே?


மேடைக்கயிறு:

கூரைக்குக் கீழே காய்ந்த இடம் தம்பி, அதனால் ஓடுகிறது. நனையும் இடத்தில் போட்டால் செம்பு நன்றாகத்தான் இருக்கும், பக்கத்தில் கயிற்றின் துத்தநாகப் பூச்சு முதலில் போய்விடும், பிறகு துரு. வெளி வேலைக்குத் துத்தநாகம் பூசிய செம்பு ஸ்லீவ் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கு.


ஜிம் ஸ்பேனர்:

உடற்பயிற்சி மெஷின்களின் கேபிளில் ஒரு தினுசு உண்டு. கயிற்றின் மேல் நைலானோ பி.வி.சி.யோ உறை இருக்கும். ஒரு ஜிம்மில் யாரோ கேபிள் மாற்றியிருந்தார்கள். உறையோடு சேர்த்து விட்டம் அளந்து, அந்த அளவுக்கு ஸ்லீவ் வாங்கி, உறையின் மேலேயே அழுத்திவிட்டார்கள். ஆறு வாரம் நன்றாக ஓடியதாம். நான் போய்ப் பார்க்கும்போது ஸ்லீவும் உறையும் ஒரு துண்டாகக் கெட்டியாகச் சேர்ந்திருக்கின்றன, உள்ளே இருந்த இரும்புக் கயிறு மட்டும் பிதுக்கிய பற்பசை மாதிரி உருவி வந்துவிட்டது.

ஸ்லீவ் உட்காரும் நீளத்துக்கு உறையை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் கயிற்றின் விட்டத்துக்குத்தான் ஸ்லீவ். உரிக்கும்போது பிளேடு கம்பியில் கீறக் கூடாது. இன்னொன்று, இந்த மெஷின்களில் கேபிள் பெரும்பாலும் நடுவில் அறாது. ஸ்லீவின் வாயிலோ, கப்பியில் வளைந்து வளைந்து ஓடும் இடத்திலோதான் கம்பி ஒவ்வொன்றாக விடும். துணியால் தடவிப் பாருங்கள், நூல் மாட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. விரலால் தடவாதீர்கள், எனக்குத் தழும்பு இருக்கிறது.


ஸ்லிங்யார்டு:

படித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சொல்வதெல்லாம் கைக்கருவி வேலை. நான் பாரம் தூக்கும் ஸ்லிங் (முனையில் வளையம் போட்ட கயிறு) செய்யும் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டுகிறவன். நீங்கள் ஸ்லீவ் என்பது எங்கள் வழக்கில் ஃபெரூல்.

முதலில் ஒரு பிரச்சினையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வளையம் இரண்டு வகை. கயிற்றை அப்படியே மடக்கி ஃபெரூலுக்குள் விட்டு அழுத்துவது ஒன்று. இதில் உயிரே ஃபெரூல்தான், அது போனால் எல்லாம் போச்சு, தொங்கும்பலகை கதை மாதிரி. இன்னொன்று ஃபிளெமிஷ் வளையம். ஆறு புரிக் கயிற்றை மூன்று மூன்றாக இரண்டாய்ப் பிரித்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகக் கொண்டுவந்து, பழைய முறுக்கிலேயே திரும்பப் பின்ன வேண்டும். முனைகளைக் கயிற்றின் உடலைச் சுற்றிப் படுக்க வைத்து மேலே எஃகு ஸ்லீவ் அழுத்துவோம். பின்னலே பெரும்பகுதி லோடைப் பிடித்துக்கொள்ளும். முதல்முறை பின்னும்போது கயிறு நம்மைத்தான் பின்னும், பிறகு கை பழகிவிடும்.

மடக்கிய வளையத்தில் அலுமினிய ஃபெரூல் போடுவதற்கு ஐரோப்பாவில் ஈ.என். 13411-3 என்று தரநிலை இருக்கிறது. சரியாகச் செய்தால் கயிற்றின் பலத்தில் 90 சதவீதம் கணக்கு வைக்கலாம். அந்தச் ‘சரியாக’ என்ற சொல்லுக்குள்தான் எங்கள் சம்பளம் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரே விட்டமுள்ள இரண்டு கயிறு, ஒன்றில் நடுவில் நார், இன்னொன்றில் நடுவில் எஃகு. வெளியே அளந்தால் இரண்டும் 12 மி.மீ. உள்ளே இருக்கும் உலோகம் ஒன்றல்ல. அதனால் அட்டவணையில் எஃகு நடுவுக்கு வேறு ஃபெரூல் எண் வரும். விட்டத்தை மட்டும் கேட்டு ஃபெரூல் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரரிடம் நான் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அழுத்தும்போது டையின் இரண்டு முகமும் முட்டும் வரை போக வேண்டும். பக்கவாட்டில் பிசிறு மாதிரி தகடு பிதுங்கி டை மூடாமல் நின்றால், பிசிறை அரத்தால் ராவிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்கிற ஆட்கள் உண்டு. டையில் ஏதோ தப்பு, அல்லது ஃபெரூல் எண் தப்பு என்பதை அந்தப் பிசிறுதான் சொல்கிறது. கூம்பு ஃபெரூலில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியே வால் முனை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால் எட்டவில்லை.

நான் நேரில் பார்த்த கோளாறு இதெல்லாம் அல்ல. உலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லிங், அலுமினிய ஃபெரூல். வார்ப்பு ஆறும் முன்பே அதைப் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு எங்களிடம் வந்தபோது ஃபெரூலில் நாங்கள் அடித்த குறி மழுங்கிக் கிடந்தது, வால் ஒரு விரல் கடை உள்ளே இழுபட்டிருந்தது. அலுமினிய ஃபெரூலுக்கு நார் நடுக் கயிறு என்றால் 100 டிகிரி செல்சியஸ், எஃகு நடு என்றால் 150. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே எஃகு ஃபெரூல் போட்டிருக்க வேண்டும், அதுவும் சூட்டுக்குத் தக்கபடி லோடைக் குறைத்து. வாங்கும்போது எங்கே மாட்டப் போகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, எங்கள் ஆபீசும் கேட்கவில்லை. ஒரு ஃபோன் பேச்சில் முடிந்திருக்கும்.

தூக்கும் வேலைக்குக் கைக்கருவியில் நீங்களே கட்டியதை மாட்டாதீர்கள். வேலை லோடைப்போல் இரண்டு மடங்கு இழுத்துச் சோதித்து, அடையாளத் தகடு குத்தி வந்த ஸ்லிங்கைத்தான் கொக்கியில் போட வேண்டும். இதில் எனக்கு வியாபாரம் இருக்கிறது என்பது உண்மைதான், அதற்காகச் சொல்லவில்லை.


கோபுரக்கால்:

ஸ்லீவே வேண்டாம், நட்டு முடுக்கிக் கயிற்றையும் வாலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட் கிளிப் போதும் என்று இருந்தவன் நான். ஆன்டெனா கம்பத்தின் தாங்குகயிறு. மூன்று கிளிப், அழகாக இருக்கட்டும் என்று ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி மாற்றி மாற்றிப் போட்டேன். பிறகு கழற்றும்போது பார்த்தால், யூ-போல்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் லோடு தாங்கும் கயிறு பல்லால் கடித்த மாதிரி நசுங்கியிருக்கிறது. சாடில், அந்தப் பள்ளம் உள்ள அடிப்பாகம், எப்போதும் லோடு தாங்கும் பக்கம். யூ-போல்ட் வால் பக்கம். மூன்றும் ஒரே திசை. இடைவெளி கயிற்று விட்டத்தைப்போல் ஆறு மடங்கு. லோடு ஏறியதும் கயிறு கொஞ்சம் மெலியும், நட்டு தளரும், அதனால் மறுபடி முடுக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் கயிற்றின் பலத்தில் 80 சதவீதம்தான். ஆனால் கண்ணால் பார்த்து, ஸ்பேனரால் சரிசெய்ய முடிகிறது, அதற்காக எனக்கு இன்னும் கிளிப்தான் பிடிக்கும்.


புதுக்கை:

ஒரு ஸ்லீவுக்குப் பதில் இரண்டு போட்டால் கேஜ் இல்லாமலே சமாளிக்கலாமா?


ஜிம் ஸ்பேனர்:

தம்பி, தளர்வான கருவியால் இரண்டு அழுத்தினால் தளர்வான ஸ்லீவ் இரண்டு கிடைக்கும்.


தொங்கும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. கேஜ் வந்துவிட்டது. விழுந்த பலகைக்கு மட்டும் என்று வாங்கவில்லை. அதே மாதம், அதே கிரிம்பரால் வேறு இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறேன். நேற்று ஏணியோடு போனேன். முதல் இடத்தில் ஆறு ஸ்லீவ், ஆறும் 3 மி.மீ.தான், இருந்தும் ஒன்றுகூட கேஜில் நுழையவில்லை. ஒன்றில் வால் எங்கே என்றே தெரியவில்லை. ஆறையும் வெட்டி, கயிறு வெட்டும் முன் டேப் சுற்றி, சரியான கருவியில் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு பலகைக்கும் கூடவே தளர்வாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டியாயிற்று.

இரண்டாவது இடம் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி. அங்கே ஸ்டெயின்லெஸ் கயிறு, நான் போட்டது அலுமினியம். வெள்ளைப் பொடி இன்னும் இல்லை, உள்ளறைதான், ஈரம் கிடையாது. ஆனால் குழந்தைகள் சாய்கிற இடம். செம்பு ஸ்லீவ் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை படியின் அந்தப் பக்கம் பலகை அடித்து மறைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.