கேட்டது கிடைக்காதபோது கிறிஸ்தவ நம்பிக்கை என்பது என்ன?

எம்மாவு வழி:
ஸ்தோத்திரம். தீராத வியாதி, கைகூடாத வேலை என்றால் உடனே எரேமியா 29:11-ஐ (உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம்) சொல்லிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் மாறாதபோது அந்த வசனமே பாரமாகிவிடுகிறது. "நல்லதே நடக்கும்" என்பதும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்றா? இல்லையென்றால், அன்றாடம் அதைப் பற்றிக்கொள்வது எப்படி?

நங்கூரம்:
ஒன்றல்ல, சகோதரரே. ஒரு வசனம் முன்னே போய்ப் பாருங்கள். 29:10-இல் 70 வருஷம் என்றிருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்கிறான். கேட்க இனிமைதான், ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. இன்றைக்கும் இடறுவது இதில்தான்: வாக்குத்தத்தத்தோடு நாமே ஒரு தேதியைச் சேர்த்துவிடுகிறோம். தேதி தவறினதும், தேவனே கைவிட்டுவிட்டார் என்று மனம் முறிகிறது.

70 வருஷம் என்று சொன்ன அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்றும் சொல்கிறது. 32-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது, இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும் என்ற கர்த்தருடைய வார்த்தையை நம்பி, தன் ஊரான ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார், 17 சேக்கல் வெள்ளிக்கு. சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரங்களை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம்பிக்கை கையும் காலும் உள்ளதாக இருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை என்பேன்.

கின்னரம்:
அன்றாடத்துக்குச் சங்கீதம் 13 போதும். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு ("எதுவரைக்கும்" நான்கு தரம் வருகிறது), அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை. அதே வரிசையில் ஜெபியுங்கள். முறையீட்டில் பாரத்தைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள்: "மருந்துக்கு நோய் கேட்கவில்லை ஆண்டவரே, பயமாயிருக்கிறது." பலர் இதைத் தாண்டி நேரே துதிக்கு ஓடுகிறார்கள், சொல்லாமல் விட்ட பாரம் பிறகு கசப்பாகிறது. ஐந்தாம் வசனத்துக்கு வாய் வராத நாளில் சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான்.

எம்மாவு வழி:
அப்படியானால் சுகம் கேட்டு ஜெபிக்கக் கூடாதா?

நங்கூரம்:
தாராளமாகக் கேளுங்கள். தம்மை வருத்திய ஒரு பாட்டை பவுல் அப்போஸ்தலர் "முள்" என்கிறார்; அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. தானியேல் 3-இல், ராஜாவின் சிலையை வணங்காவிட்டால் அக்கினிச் சூளை என்று மிரட்டப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தேவன் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள்; விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். ஜெபத்தில் இரண்டும் இருக்கட்டும்.

திராட்சைக்கொடி:
நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "கட்டாயம் குணமாகும்" என்று கர்த்தர் பெயரில் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது விசுவாசமே அல்ல. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவின் ஆயுளில் 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் சொன்ன அதே சமயத்தில், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார்.

துக்க வீட்டில் "அழாதீர்கள்" என்றும் தடுக்க வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கத்தைத் தடை செய்யவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிப்பதைத்தான் தடை செய்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் அடுத்த வசனத்தில் இருக்கிறது: இயேசு மரித்து எழுந்திருந்தார். அங்கிருந்து 18 வரை மெதுவாக வாசியுங்கள். இறப்புக்கு நீங்களாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள்.