மான் வேட்டைக்கு முதல் ரிகர்வ் வில்: ஐஎல்எஃப் வாங்கவா, மரவில்லே போதுமா?

பீட்டர்பரோ நிலா
எல்லோருக்கும் வணக்கம். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, வேட்டை உரிமத்துக்கான அவுட்டோர்ஸ் கார்டும் கைக்கு வந்துவிட்டது. ஒக்டோபரில் ஒன்ராறியோவில் வெள்ளைவால் மானுக்காகக் காட்டில் உட்காரப் போகிறேன். ஒன்றரை ஆண்டாக உள்ளரங்கில், கழகத்து ரிகர்வ் வில்லில், அதாவது முனைகள் முன்னோக்கி வளைந்த வில்லில், பழகுகிறேன். அதில் 25 அங்குல ரைசர், அதாவது நடுப்பிடி, அதன் மேலும் கீழும் 28 இறாத்தல் (பவுண்டு) இழுவிசை தரும் லிம்புகள், அதாவது வளையும் கைகள். உயரம் 5 அடி 2 அங்குலம், இழுப்பு நீளம் 26 அங்குலம்.

17 அங்குல ரைசரில் ஐஎல்எஃப் (பல நிறுவனங்களுக்கும் பொதுவான பூட்டு முறை) லிம்ப் பூட்டலாமா, போல்ட் முடுக்கிய சாதாரண மூன்று துண்டு மரவில் வாங்கலாமா என்பது என் கேள்வி. கடைக்காரர் ஒருவர், "எடுத்த எடுப்பில் 45 இறாத்தல் வாங்குங்கள், கை தானாகப் பழகிவிடும்" என்கிறார். நம்பலாமா?

ஆறுகோணச்சாவி
நம்பாதீர்கள் அக்கா. எனக்கும் ஒரு கடையில் இதையே சொல்லித்தான் 55 இறாத்தல் மரவில்லைத் தலையில் கட்டினார்கள். ஓகஸ்ட் மாதம் மெல்லிய சட்டையோடு பின்முற்றத்தில் எய்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. நவம்பரில் ஒரு காலை, மரத்தில் கட்டிய மேடையில் மூன்று மணி நேரம் விறைத்து உட்கார்ந்திருந்தேன். மான் வந்தது. நாண் என் வாயோரம் வரை வரவே இல்லை. இரண்டு விரற்கடை தூரம் மிச்சமிருக்கும்போதே விரல்கள் விட்டுவிட்டன. அம்பு மானின் வயிற்றுக்குக் கீழே புல்லில் போய்ச் செருகியது. காயமில்லாமல் அது ஓடியது அதன் நல்ல காலம்.

ஐஎல்எஃப் என்பது ஒரு பூட்டு முறை, அவ்வளவுதான். 1980களில் ஹாய்ட் நிறுவனத்திலிருந்து வந்தது, பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கொரியாவில் செய்த லிம்ப் அமெரிக்காவில் செய்த ரைசரில் கச்சிதமாக உட்காரும். பழைய ஹாய்ட் பொருட்களில் 'கிராண்ட் பிரி' என்று எழுதியிருந்தால் அதுவும் இதுதான், பயமின்றி வாங்கலாம். 'ஃபார்முலா' என்றிருந்தால் தொடாதீர்கள், பொருந்தாது. கோடைக்கு இலேசான லிம்ப், தோள் தேறியதும் அதை விற்றுவிட்டு அடுத்தது. ரைசரும் உங்கள் கைக்குப் பழகிய பிடியும் மாறாது.

பழையநாண்
ஐஎல்எஃப் விற்பனைக்கு ஆள் வந்தாயிற்று. தம்பி, மரவில்லில் லிம்ப் மாற்ற முடியாது என்று யார் சொன்னது? சாமிக் சேஜ் என்ன செய்கிறது? 62 அங்குல வில், ஐந்தைந்து இறாத்தலாக லிம்ப் கிடைக்கும், இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. ஃப்ரெட் பேர் வடிவமைத்த, கழற்றிப் பூட்டும் டேக்டவுன் வில்லுக்குச் சாவிகூட வேண்டாம், கையாலேயே பூட்டலாம்.

நானும் இரண்டு ஆண்டு ஐஎல்எஃப் வைத்திருந்தவன்தான். திருகுவதற்கு இடம் கொடுத்தால் மனிதன் திருகிக்கொண்டே இருப்பான். வேட்டைக்கு முந்தின இரவு, கீழ்லிம்பின் போல்ட்டை அரைச் சுற்று முடுக்கினால் அம்பு இன்னும் நேராகப் போகும் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. விடிந்தது. பதினெட்டு யார்டில் மான் பக்கவாட்டில் நின்றது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் மேப்பிள் கிளையில் குத்தி நின்றது. மேல் கீழ் லிம்புகளின் சமநிலை கெட்டால் நாணில் அம்பு மாட்டும் இடமும் சரியில்லாமல் போகும். முனை சிறிதாக இருக்கும் பயிற்சி அம்பு இதை மன்னித்துவிடும், அகன்ற வேட்டைமுனை மன்னிக்காது.

இன்னொன்று. ஐஎல்எஃப் லிம்பை இடத்தில் பிடித்து வைத்திருப்பது நாணின் இழுவைதான். புதருக்குள் போகும்போது வேட்டைமுனை நாணில் பட்டு அறுந்தால் இரண்டு லிம்பும் கழன்று காலடியில் விழும். போல்ட் போட்ட வில்லில் நாண் மட்டும்தான் போகும். பனிக்காலத்தில் அலுமினிய ரைசரைப் பிடித்துப் பார்த்தீர்களா? பனிக்கட்டியோடு கைகுலுக்குவதுபோல இருக்கும். மரம் அப்படி இல்லை.

ஆறுகோணச்சாவி
அண்ணா, அரைச் சுற்று முடுக்கியது உங்கள் கை. வில் மேல் ஏன் பழி? பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினால் குளிர் தெரியாது. லிம்ப் உட்காரும் பள்ளத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஒத்துக்கொள்கிறேன். மெல்லிய மெத்துத் துணி ஒரு துண்டு ஒட்டினால் அதுவும் நின்றுவிடும். நாண் அறுந்தால் எந்த வில்லாக இருந்தாலும் அன்றைய வேட்டை முடிந்ததுதானே? முன்பே எய்து பழக்கிய மாற்று நாண் ஒன்று பையில் இருக்கவேண்டும். உங்கள் சேஜுக்கும்தான்.

சட்பரிக்காரன்
இரண்டு பேரும் எந்தச் சட்டியில் சமைப்பது என்று சண்டை பிடிக்கிறீர்கள். அடுப்பே தவறு என்கிறேன் நான். புதிதாக வேட்டைக்குப் போகிறவருக்கு ரிகர்வ் எதற்கு?

கணக்குப் பாருங்கள். இருபது யார்டு என்றால் 60 அடி. நொடிக்கு 170 அடி போகும் அம்புக்கு அந்தத் தூரம் நொடியில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். நாண் அதிரும் சத்தமோ நொடிக்கு ஏறத்தாழ 1100 அடி போகும். அம்பு பத்தடிகூடப் போகாத நிலையில் சத்தம் மானின் காதுக்குப் போய்விடுகிறது. பாய்வதற்காக மான் உடம்பைத் தாழ்த்தும், நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில் அம்பை 280 அடி வேகத்தில் அனுப்பும். 70 இறாத்தல் வில்லை முழுக்க இழுத்த பிறகு, 80 விழுக்காடு தளர்வு இருந்தால் கை தாங்குவது 14 இறாத்தல் மட்டும். மான் திரும்பும் வரை பொறுத்திருக்கலாம். இங்கே வில் பருவத்தில் குறுக்குவில்லுக்கும் அனுமதி உண்டு. மிருகத்தைக் குறைந்த வலியோடு கொல்வதுதான் முக்கியம் என்றால் இந்த வாதமே தேவையில்லை.

பீட்டர்பரோ நிலா
சட்பரி அண்ணா, நீங்கள் சொன்ன கணக்கினால்தான் 15 யார்டுக்கு மேல் எய்வதில்லை என்று எனக்கு நானே வரம்பு வைத்திருக்கிறேன். தலை தூக்கிக் காதை நிமிர்த்திய மான் மீதும் எய்யப் போவதில்லை. முதல் ஆண்டு வெறுங்கையோடு திரும்பினாலும் சரி. காம்பவுண்ட் எய்து பார்த்தேன், மனம் ஒட்டவில்லை. அந்த முடிவு முடிந்துவிட்டது. எந்த ரிகர்வ் என்பதைச் சொல்லுங்கள்.

கொல்லிமலைக்காரன்
இவ்வளவு பேசியும் சட்டப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லையே. எங்கள் ஊர் வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தானாம். அவனிடம் யாரும் பவுண்டு கணக்குக் கேட்கவில்லை. ஒன்டாரியோவில் கேட்பார்கள். மானுக்கு வில்லின் இழுவிசை 700 மில்லிமீட்டர் இழுப்பிலோ அதற்குள்ளோ குறைந்தது 18 கிலோ இருக்கவேண்டும். அதாவது 27.6 அங்குலத்தில் 39.7 பவுண்டு. மூஸ் என்னும் பெரிய மானுக்கும் கருங்கரடிக்கும் 22 கிலோ.

சிக்கல் இங்கேதான். மரவில்லில் '40' என்று எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான அளவு. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ இரண்டரை பவுண்டு குறையும். 27.6-இல் அளந்தால் 39 சொச்சம்தான் வரும். பெயரளவில் நாற்பது, தராசில் தேறாது! அடுத்த படி 45. நிலா அவர்களின் 26 அங்குல இழுப்பில் அது கையில் 40 பவுண்டாக இருக்கும். இப்போது அவர் எய்யும் கழக வில் அதே இழுப்பில் 23, 24 தான். ஒரே கோடையில் 24-இலிருந்து 40 என்றால் தோள்மூட்டு என்ன ஆகும்?

ஆறுகோணச்சாவி
நான் இரண்டு பதிவில் சொல்லத் தெரியாமல் திணறியதை ஒரே பதிவில் சொல்லிவிட்டீர்கள். ஐந்தைந்தாக ஏறும் லிம்பில் 40 பற்றாது, 45 அதிகம். ஐஎல்எஃப் லிம்ப் இரண்டிரண்டாகக் கிடைக்கும். அதற்கு மேல் போல்ட்டை முடுக்கியும் தளர்த்தியும் இரு பக்கமும் ஐந்து விழுக்காடு வரை நகர்த்தலாம்.

நிலா அக்கா, ஒன்றைக் கவனியுங்கள். ஐஎல்எஃப் லிம்பில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 25 அங்குல ரைசருக்கானது. 17 அங்குல ரைசரில் பூட்டினால் நான்கைந்து இறாத்தல் கூடிவிடும். 36 என்று எழுதிய லிம்ப் உங்களுக்கு 40 அளவில் நிற்கும். 17 ரைசரும் நடுத்தர நீள லிம்பும் சேர்ந்தால் 60 அங்குல வில். 26 அங்குலம் இழுப்பவருக்கு விரலை நெரிக்காது.

பழையநாண்
சட்டக் கணக்கில் நான் சறுக்கியதை ஒத்துக்கொள்கிறேன். சேஜில் 40 எடுத்தால் போதும் என்று எழுத இருந்தேன்.

ஆனால் ஐஎல்எஃப்காரர்கள் மறைக்கும் செலவு ஒன்று இருக்கிறது. லிம்ப் மாறினால் அம்பும் மாறவேண்டும். 30 இறாத்தலில் நேராகப் போகும் தண்டு 40-இல் துவண்டு வளையும். இரண்டு சோடி லிம்ப் என்றால் அரை டசின் அம்புகளும் இரண்டு தடவை. இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆறுகோணச்சாவி
உண்மைதான். விறைப்பு எண் 500 உள்ள தண்டை வெட்டாமல் முழு நீளத்தில் வாங்கச் சொல்வேன். இலேசான லிம்புக்குக் கனமான முனை, கனமான லிம்புக்கு இலேசான முனை. ஓரளவு சமாளிக்கலாம். கடைசி லிம்புக்கு மட்டும், இறகில்லாத வெறுந்தண்டை எய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும்.

சட்பரிக்காரன்
சரி, ரிகர்வே இருக்கட்டும். கையில் 36, 37 இறாத்தல்தானே வரும்? சட்டம் விட்டாலும் மானின் விலா விடுமா?

பழையநாண்
இதில் எனக்கு முப்பது பருவ அனுபவம், நான் பேசுகிறேன். விடும். ஆனால் அம்பைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் வாய் திறக்கவில்லை, வில்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மானின் உடம்புக்குள் போவது வில்லா?

மொத்தம் 420 கிரெய்னுக்கு (ஏறத்தாழ 27 கிராம்) எடை குறையாத அம்பு. முனையில் இரண்டு அலகு மட்டும், அசையாத வகை. தைத்தபின் விரியும் முனைகளை இந்த இழுவிசையில் கையில் எடுக்கவே கூடாது. விரிவதற்கே சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சட்டப்படி முனை 22 மில்லிமீட்டராவது அகலம் இருக்கவேண்டும், அம்பு 600 மில்லிமீட்டர் நீளம். அலகை முன்கை முடியில் வைத்து இலேசாக நகர்த்துங்கள், முடி உதிரவேண்டும். உதிராவிட்டால் அன்று காட்டுக்குப் போகாதீர்கள். பெட்டியில் வந்த கூர்மையை நம்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மான் முழுப் பக்கவாட்டில் நிற்கவேண்டும், அல்லது பின்பக்கம் சற்று நம்மை நோக்கியபடி நிற்கவேண்டும். முன்னங்காலுக்கு ஒட்டினாற்போல் பின்னால், உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில். தோள் எலும்பில் பட்டால் 37 அல்ல, 50 இறாத்தலும் திணறும். எய்தபின் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள்.

நாணில் கம்பளிப் பந்து இரண்டு கட்டுங்கள். சட்பரிக்காரர் சொன்ன அதிர்வுச் சத்தம் குறையும்.

சட்பரிக்காரன்
15 யார்டு, இந்த அம்பு, இந்தக் கோணம் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். 16-ஆவது யார்டில் திறப்பேன்.

பீட்டர்பரோ நிலா
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கழகத்தில் ஒருவரிடம் 17 அங்குல ரைசரையும் 36 என்று எழுதிய நடுத்தர லிம்பையும் இரவல் வாங்கினேன். தொங்கும் தராசில் நாணை மாட்டி, 700 மில்லிமீட்டரில் அடையாளமிட்ட கம்பை வைத்து அளந்தோம். 17.6 கிலோ. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு போல்ட்டையும் ஒரே அளவாகக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கிக்கொண்டே அளந்தோம். கடைசியில் 18.3. என் 26 அங்குலத்தில் 16.7 கிலோ.

ஆறு அம்பு வரை நாணை வாயோரம் நிறுத்தி மூன்று எண்ண முடிகிறது. ஏழாவதில் இடது முழங்கை நடுங்குகிறது. ஆகவே இப்போதைக்கு 28 லிம்பைத்தான் அதே ரைசரில் பூட்டி, நாளுக்கு நாற்பது அம்பு எய்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் 36. அந்தச் சோடியை அவரிடமே விலைக்கு வாங்கிவிட்டேன்.

பழையநாண்
முடுக்கிய இடத்தில் போல்ட்டுக்கும் ரைசருக்கும் குறுக்கே வெள்ளை மையால் கோடு போட்டீர்களா? நாண் பழகப் பழகச் சற்று நீளும், செப்டெம்பரில் ஒரு தடவை தராசில் மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு சாவியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

ஆறுகோணச்சாவி
சாவியைப் பையில் போடுங்கள் அக்கா. அண்ணா கைக்கு எட்டாத பையில்.