கடற்கரையில் வசனப் பதிவு: காற்றுக்கு என்ன செய்யலாம்?

நண்பர்களே வணக்கம். கடலூர் சில்வர் பீச்சில் இரண்டு பேர் நின்று பேசும் ஒரு குறும்படக் காட்சி எடுக்கணும். கேமரா பக்கம் முடிவாயிடுச்சு: நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. சூரியன் கடல் மேலேயே ஏறுவதால் சீக்கிரமே வெளிச்சம் கூடிடும். அதுக்காக ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டே ஆகணும்.

சிக்கல் ஒலியில்தான். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் என்று வைத்தாலும், கடற்காற்று மைக்கில் மோதி 'பம் பம்' என்று அடிக்குது. பஞ்சு உறை தாங்கலை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுற லோ கட் உறுமலைக் குறைக்கும். ஆனால் ஒலி உடைஞ்சு பதிவாயிட்டா எடிட்டிங்கில் மீட்கவே முடியாது. அலைச் சத்தம் இன்னும் மோசம், குரலோட அலைவரிசையிலேயே கலந்துடும். அதனால் பூம் மைக்கை, அதாவது நீளக் கம்பியில் மாட்டிய ஷாட்கன் மைக்கை (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கிற மைக்), வாயிலிருந்து ஒன்றரை அடியில், அதன் பின்பக்கம் கடலைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து பிடிக்கலாம்னு திட்டம்.

ரெண்டு உதவி வேணும். ஷாட்கன் மைக்குக்கான ரோம உறை, அதான் டெட்கேட், கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒருநாள் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? காலர் மைக்கைக் காட்டன் சட்டைக்குள் மறைக்கும்போது துணி உரசாமல் இருக்க எந்த டேப், எப்படி ஒட்டுறீங்க? வியர்வையில் டேப் விட்டுப்போகுது. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.