மறு: 'அதிர்வெண் குறைப்பு' வேண்டாம், 'இறக்கம்' என்போம்

வணக்கம்.

காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளை எட்டும் இடத்துக்குக் கொண்டுவரும் காது மிஷின் வசதிக்கு (frequency lowering) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழையை முதல் மடலிலிருந்து படித்தேன். உடனே எழுதாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இந்தச் சொல் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை வேலையைக் கெடுத்திருக்கிறது, அதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

அப்பா சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர். விசைத்தறிச் சத்தம் காதில் முதலில் தின்பது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. வயதும் சேர்ந்துகொள்ள, அவருடைய செவித்திறன் வரைபடம் 1 கிலோஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகப் போய், 2-ஐத் தாண்டியதும் கிணற்றுப் படிபோலச் செங்குத்தாக இறங்கும். பேசுவது காதில் விழும், என்ன பேசினோம் என்பதுதான் பிடிபடாது. என் மகள் டீயை நீட்டி "அப்புச்சி, சூடு" என்பாள். அவருக்கு "ஊடு" என்று கேட்கும். "எந்த ஊடு?" என்று திரும்பக் கேட்பார். சாவி ஆவியாகும், பஸ் வெறும் 'ப' ஆகும்.

காது மிஷின் வாங்கப் போன இடத்தில், கணினியில் அளவுகளை ஏற்றிக்கொண்டிருந்த பெண் நல்ல மனதோடுதான் சொன்னார்: "மேல இருக்கற ஃப்ரீக்வென்ஸியெல்லாம் கொறைச்சு வெக்கறேங்கய்யா." கையில் கொடுத்த தமிழ்த் துண்டுத்தாளிலும் 'அதிர்வெண் குறைப்பு' என்றே அச்சடித்திருந்தது. அப்பா தாளைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, ஏற்கெனவே கேக்கறதில்லீங்க. இருக்கறதையும் எதுக்குக் கொறைக்கறீங்க?" என்றவர் அந்த வசதியை அணைக்கச் சொல்லிவிட்டார். எட்டு மாதம் அணைந்தே கிடந்தது. பேத்தியின் 'சூடு' அந்த எட்டு மாதமும் 'ஊடு'தான்.

ஆகவே இதைப் பொருத்தமான பெயர் தேடும் விளையாட்டாக என்னால் பார்க்க முடியவில்லை. இனி ஒவ்வொன்றாக.

> குறைப்பு என்பதில் என்ன தவறு? எண் குறைகிறது, அவ்வளவுதானே.

எண் குறைவது உண்மைதான். ஆனால் மிஷினுக்கு அளவுகளை ஏற்றும் அதே கணினித் திரையில், அதற்கு ஒரு வரி மேலே, 'இரைச்சல் குறைப்பு' இருக்கிறது. அங்கே குறைப்பு என்றால் ஒழித்துக்கட்டுவது. இங்கே நடப்பது நேர் எதிர்: காதுக்கு எட்டாமல் போன ஒலியை எட்டும் இடத்துக்குக் கொண்டுவருவது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், படிப்பவர் தமக்குத் தெரிந்த பொருளில்தான் எடுத்துக்கொள்வார். அப்பா எடுத்துக்கொண்டதும் அப்படித்தான்.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. உள் காதில் நத்தைக்கூடுபோலச் சுருண்ட காக்ளியாவின் வாசல் பக்கம் உயர் அதிர்வெண்களையும், உள் நுனி தாழ் அதிர்வெண்களையும் வாங்குகிறது. வாசல் பக்கத்து உள் ரோமச் செல்கள் அழிந்துவிட்டால் அந்த இடத்தில் வாங்குவதற்கு ஆளே இல்லை. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதும் இல்லை. கேம்பிரிட்ஜில் செவிப்புலன் ஆய்வாளரான பிரையன் மூர் இத்தகைய இடங்களைக் கண்டறிய 2000-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். அழிந்த பகுதி தொடங்கும் அதிர்வெண்ணைப்போல ஏறக்குறைய 1.7 மடங்கு வரைதான் பெருக்குவதால் பயன் என்று அவருடைய குழுவின் ஆய்வுகள் காட்டின. எல்லை 2 கிலோஹெர்ட்ஸ் என்றால் 3.4 வரை. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பேச்சு தெளிவதில்லை, பலருக்கு மிஷின் 'கீ' என்று கத்துவதுதான் மிச்சம்.

'ஸ்' இருப்பதோ அதற்கும் மேலே. ஆண் குரலில் அதன் உச்சம் 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டி; பெண்கள், குழந்தைகள் குரலில் இன்னும் மேலே. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பாய்ஸ் டவுன் ஆய்வு மருத்துவமனையில் பெட்ரீசியா ஸ்டெல்மகோவிச் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் குரலின் 'ஸ்'ஸைப் பிடிக்கக் குழந்தைகளுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் பன்மையே அந்த ஒற்றை 'ஸ்'ஸில் தொங்குவதால் அவர்கள் அதைத் துரத்தினார்கள். தமிழில் சொல் இறுதியில் அந்தச் சுமை இல்லை. நமக்குச் சொல்லின் முதலில் வரும் சகரம்தான் அடி வாங்குகிறது. ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டும்.

> 'அதிர்வெண் தாழ்த்தல்' நேரடியான சொல். ஏன் தயங்குகிறோம்?

நானும் முதலில் இதைத்தான் நினைத்தேன். ஆனால் கலைச்சொல் பெயராக மட்டும் நிற்காது. எச்சமாக, வினையாக நீளும். கையேடு எழுதுபவர் இரண்டாம் பத்தியிலேயே 'தாழ்த்தப்பட்ட ஒலிகள்' என்று எழுத வேண்டிவரும். அந்தச் சொல்லை எத்தனையோ பேர்மீது சுமத்தியிருக்கிறோம், அது ஒரு கருவியின் கையேட்டில் வந்து உட்கார வேண்டாம். 'இறக்கிய ஒலிகள்' என்றால் யாருக்கும் உறுத்தாது.

> பழந்தமிழ் இசையில் மெலிவு, சமன், வலிவு உண்டே. 'மெலிவித்தல்' என்று எடுக்கலாமே. அல்லது 'சுருதி இறக்கம்'.

மெலிவு அழகான சொல். கீழ் ஸ்தாயியைக் குறித்த அந்தப் பொருள் இசை படித்தவர்களிடம்தான் இன்று உயிரோடு இருக்கிறது. மற்றவர்களுக்கு மெலிவு என்றால் நோஞ்சான். திரும்பவும் 'சத்தத்தைக் குறைக்கிறார்கள்' என்ற இடத்துக்கே வந்து நிற்போம்.

சுருதி இறக்கம் என்பது உண்மையிலேயே பிழை. பேசும் பெரியவர்களின் சுருதி ஏறக்குறைய 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும், குழந்தைகளுடையது அதற்குச் சற்று மேலே. மிஷின் அதைத் தொடுவதே இல்லை. குறித்த ஓர் எல்லைக்கு மேலே உள்ளதை மட்டும்தான் இறக்குகிறது. பேத்தியின் குரல் பேத்தியின் குரலாகவே இருக்கும், அவள் சொல்லும் சகரம் மட்டும் இடம் மாறும்.

ஆக, என் முன்மொழிவு 'அதிர்வெண் இறக்கம்'. பதிவிறக்கம், தரவிறக்கம் நாவில் பழகிவிட்டதால் 'மேலிருந்து நம் கைக்கு வருவது' என்ற பொருள் கேட்டவுடன் வருகிறது. அதே காரணத்தால்தான் இன்னொருவர் சொன்ன 'ஒலியிறக்கம்' வேண்டாம் என்கிறேன். பாட்டை டவுன்லோடு செய்வதென்றே படிப்பார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் தங்கள் பாடநூலில் அதிர்வெண் மீடிறன்தான் என்று நினைவூட்டினார். 'மீடிறன் இறக்கம்' என்று அப்படியே பொருந்துகிறது. முன்பாதி இரு கரையிலும் வேறாக இருக்கட்டும், பின்பாதி ஒன்றாக இருந்தால் போதும்.

இனி வகைகள். என் கணக்கில் பெரிய வேலை இங்கேதான் இருக்கிறது, இழையில் யாரும் இதைத் தொடவில்லை.

முதல் வகையில், எல்லைக்கு மேலுள்ள அகன்ற பரப்பைக் குறுகிய பரப்புக்குள் நெருக்கி வைக்கிறார்கள். எல்லை 2 கிலோஹெர்ட்ஸ், விகிதம் 2:1 என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் இரட்டிப்பாவது ஒரு ஸ்தாயி என்பதால், 2-லிருந்து 8 வரை இரண்டு ஸ்தாயி தூரம். அதை ஒரு ஸ்தாயிக்குள் மடக்கினால் 8 என்பது 4-ல் வந்து நிற்கும், 4 என்பது ஏறத்தாழ 2.8-ல். காது மிஷின் செய்யும் ஃபோனாக் நிறுவனத்தின் சவுண்ட்ரிகவர் இந்த வழி. இதற்கு 'சுருக்கம்' என்று மட்டும் பெயர் வைத்தால் சிக்கல், ஏனென்றால் காது மிஷினில் வேறொரு சுருக்கம் ஏற்கெனவே உண்டு: மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் கொஞ்சமாகவும் பெருக்கும் வீச்சுச் சுருக்கம். எனவே 'சுருக்கிறக்கம்'.

இரண்டாவது, நெருக்காமல் ஒரு துண்டை அப்படியே கீழே நகர்த்தி, அங்கிருக்கும் ஒலியோடு கலப்பது. 6-ல் உள்ள முகடு ஒரு ஸ்தாயி கீழே 3-க்கு வரும். வைடெக்ஸ் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்தது இது. 'நகர்விறக்கம்' என்கிறேன். இடம்பெயர்வதை வைத்து 'பெயரிறக்கம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன், பெயரைப் பற்றியது போலத் தோன்றியதால் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, மேலே உள்ளதை அங்கேயே விட்டுவிட்டு, அதன் சாயலை மட்டும் கீழே இன்னொரு தடவை ஒலிக்கச் செய்வது. ஸ்டார்க்கி நிறுவனம் 2011-ல் வெளியிட்ட முறை இந்த வகை. 'நகலிறக்கம்'. நகல் அயற்சொல் என்று ஆட்சேபம் வரும், தெரியும். 'படியிறக்கம்' என்றால் மாடிப்படி இறங்குவதுபோல ஆகிவிடுமோ என்று எனக்குத் தயக்கம்.

இன்னொன்றையும் வரையறைக்குள் எழுதியாக வேண்டும்: இறக்கினால் விலை உண்டு. 'ஷ்' இயல்பாகவே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குடியிருப்பது. மேலிருந்து இறங்கும் 'ஸ்' அதன் திண்ணையில் வந்து உட்காரும், இரண்டும் குழம்பும். சுருக்கிறக்கத்தில், இசையில் ஒரு சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதம் கெடுவதால், பாட்டுக் கேட்கும்போது இதை அணைத்துவிடுபவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை, பழகவும் வாரக்கணக்கில் ஆகும்.

அப்பாவுக்குப் போன மாதம் மறுபடி போட்டோம். நான்தான் சொன்னேன்: "குறைக்கறதில்லப்பா. அட்டாலி மேல இருக்கறது உங்க கைக்கு எட்டறதில்ல, அத எறக்கிக் கீழ வெக்கறாங்க." சரி என்றார். அந்தப் பெண் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை கேட்கிறதா என்று பார்க்கும் லிங் சோதனையின் ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ம், ஊ, ஆ, ஈ நான்கையும் அப்பா திருப்பிச் சொன்னார். 'ஷ்' சொன்னதும் 'ஷ்'. அடுத்து 'ஸ்'. முன்பெல்லாம் அந்த இடத்தில் "இன்னும் சொல்லலீங்களே" என்று காத்திருப்பார். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஷ்' என்றார். தவறுதான். ஆனால் அங்கே ஏதோ ஒரு சத்தம் இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரமாகப் பேத்தி "சூடு" என்றால் டம்ளரை விளிம்பில் பிடிக்கிறார்.

'அதிர்வெண் இறக்கம்', 'சுருக்கிறக்கம்', 'நகர்விறக்கம்' மூன்றையும் ஆட்சேபம் இல்லையென்றால் விக்சனரியில் சேர்த்துவிடுகிறேன். நகலிறக்கமா, படியிறக்கமா என்பதை மட்டும் ஈழத்து நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள், அங்கே 'படி' என்ற சொல் இன்னும் நகல் என்ற பொருளில் பேச்சில் இருக்கிறதா?